ஊறப்போட்ட பந்துகள்

என் மகன் கோல்ஃப் ஆட ஆரம்பித்திருக்கிறான். சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் மாரத்தான் ஓடுகிறார்கள், சைக்கிள் மிதித்தே பாண்டிச்சேரி போய் வருகிறார்கள், நான் ஏதாவது கேட்டேனா? ஆபீசில் மேலே போகிறவர்கள் எல்லாரும் ஆடுகிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பந்துகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"தூரமா அடிக்கிறதுக்கு எந்தப் பந்தா இருந்தாலும் சமாளிச்சிடலாம்மா. குழியில நட்டிருக்கிற கொடிகிட்ட வந்த அப்புறம்தான் விஷயமே இருக்கு. ஷார்ட் கேம்னு சொல்லுவாங்க. அங்க பந்தோட மேல்தோல் சாஃப்டா இருக்கணும். அப்பதான் விழுந்த இடத்துல நிக்கும். கெட்டியா இருந்தா ஓடிடும்."

நான் ஒரு பந்தை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அடுத்ததையும் அழுத்தினேன். இன்னொன்றை மேசை விளிம்பில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். பிறகு ஒன்றைத் தனியாக எடுத்து அவன் முன்னால் வைத்து, "இது நிக்கும்," என்றேன். அவன் அதில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். இருப்பதிலேயே மெத்தென்ற பந்து அதுதானாம். "எப்படிம்மா?" என்றான். எனக்கு மூக்கில் ஒரு பழைய வாசனை ஏறிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே நின்றேன்.

அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள், கும்மிடிப்பூண்டியில் எஸ்டேட் என்று தொழிற்பேட்டை வந்த காலத்தில் பாவாடையோ அரை டிராயரோ போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு, வாசனையை வைத்தே எந்தக் கம்பெனி தாண்டுகிறது என்று சொல்லும் விளையாட்டு உங்களுக்கும் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம் காலரில் கரி படிந்திருக்கும். அம்மாக்கள் அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, வேலை வந்ததே பெரிய விஷயம் என்று பேசிக்கொள்வார்கள்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்பாவுக்கு அதுதான் பேர். நைனாவின் சொந்தக்காரர்கள் எல்லாம் கூலிக்கு நெல் அறுத்தவர்கள். நிலம் எஸ்டேட்டுக்குப் போனபோது அவருக்கு ஓர் இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. உலைக்கு இல்லை, கம்பெனி கெஸ்ட் ஹவுஸின் பின்னால் இருந்த புல்லுக்கு. வெட்டுவது, தண்ணீர் விடுவது, உருளை இழுப்பது. நெல் அறுத்த கையால் மாடுகூடத் தின்னாத புல்லை அறுக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் புல்தான் கோல்ஃப் மைதானம். மூன்று குழி, மூன்று கொடி, அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் முதலாளி ஆடுவதற்காக மானேஜர் போட்டுக் கொடுத்தது. முதலாளி தூரமாக நன்றாகவே அடிப்பார். கொடிக்குக் கிட்டே வந்ததும்தான் சனி பிடிக்கும். எங்கள் மண் உப்பு மண். நைனா எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் கொடியைச் சுற்றித் தரை ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். முதலாளி பக்குவமாகத் தூக்கிப் போடும் பந்து கொடிக்குப் பக்கத்தில்தான் விழும். விழுந்த வேகத்தில் தத்தித் தத்தி ஓடி, சரிவில் இறங்கி, மதில் இடிந்திருந்த சந்து வழியாக வெளியே இருக்கிற குட்டைக்குள் போய் விழும். முதலாளி மட்டையை விட்டெறிவார். மானேஜர் முகம் கறுத்துப்போகும். அந்த வாரம் முழுக்க நைனா வீட்டுக்கு வந்தால் என்னிடம்கூடச் சரியாகப் பேச மாட்டார்.

குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனா சின்னப் பையனாக இருந்தபோது அதில் எருமை குளிப்பாட்டியிருக்கிறார். பின்னால் ஒரு மருந்துக் கம்பெனி வந்தது, அதன் கால்வாய் ஒன்று வந்து குட்டையில் முடிந்தது. அதற்கப்புறம் குட்டை வற்றுவதே இல்லை. சித்திரை வெயிலிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஒரு நாள் டீ டிகாஷன் நிறம், ஒரு நாள் அரைத்த மருதாணி நிறம். அழுகின முட்டை நாற்றமும் நகப்பாலிஷ் வாசனையும் சேர்ந்து வரும். எனக்கு அந்த நகப்பாலிஷ் வாசனை பிடிக்கும், மூச்சை இழுத்து இழுத்து மோந்திருக்கிறேன். ஐப்பசி மழையில் ஊர் முழுக்கத் தவளை கத்தித் தூங்க முடியாமல் கிடக்கும்போது அந்தக் குட்டை மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். கொக்குகள் மேலே பறந்து போகும், இறங்காது. இது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள், நல்லவேளை, ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றார்கள்.

அம்மா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். வலை வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண்கள் அங்கே கையால் இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் காலால் தடவிக்கொண்டே போவார்கள். இறால் ஒளிந்திருக்கும் இடம் காலுக்குத் தெரிந்துவிடும், குனிந்து கையால் எடுப்பார்கள். எடுத்ததைப் போடப் பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. பறி என்று பேர். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். அம்மா கல்யாணமாகி வரும்போது கூடவே ஒரு பறியும் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும்.

அம்மாவின் காலுக்குத் தெரியாதது கிடையாது. அடுப்படியில் சிந்தின கடுகை விளக்கில்லாமல் கால் விரலால் பொறுக்குவாள். மற்ற வீடுகளில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கால் படாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கால் கட்டைவிரலால் என் உள்ளங்காலை வருடிக்கொண்டே இருப்பாள். கையில் மாவு ஒட்டியிருந்தால், எனக்குக் காய்ச்சலா என்று பாதத்தை என் முழங்காலில் வைத்துத்தான் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல, ஒடம்பு சில்லுனுதான் கீது. எய்ந்து ஸ்கூலுக்குப் போ," என்பாள். ஒரு முறையும் தப்பினதில்லை.

பொங்கல் கழிந்த சமயம் மானேஜரிடம் பந்து தீர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பந்துகள், பாதிக்கு மேல் குட்டையில் கிடந்தன. நைனா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னாராம், "எங்க ஊட்டுக்காரி ஏரிக்காரி சார். சேத்துல ஊசி வுழுந்தாலும் எட்த்துருவா."

அம்மாவைக் கூட்டிப்போன அன்று நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கரையிலேயே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாயா இது? குட்டையா, சாக்கடையா?"

"நாலஞ்சு பந்துமே. எட்த்து குட்த்துட்டு ஊட்டுக்குப் போய் தலைக்கு ஊத்திக்கோ. மானேஜர் கண்ணுல பட்டா நமக்கு நல்லது."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாள். சுளித்திருந்த முகம், சேற்றில் கால் வைத்ததும் மாறியது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் சேற்றில் இறங்குவது அன்றுதான் முதல் தடவை. பறியைக் கடித்த வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், குனிவாள், ஒரு பந்து வரும். நான் கரையில் நின்று கை தட்டினேன். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் முதலில் வந்து நிற்பது அந்தச் சந்தோஷம்தான்.

பந்துகளை நைனா பல்பொடி போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கினார். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வழக்கம்போலத் தூக்கிப் போட்டார். பந்து கொடிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. விழுந்து, நின்றது. ஓடவில்லை. முதலாளி பந்தையே பார்த்தார். இன்னொன்று போட்டார், அதுவும் நின்றது. மானேஜர் ஓடிப்போய் எடுத்துக் கையில் அமுக்கிப் பார்த்தார். "தோல் கொஞ்சம் இளகியிருக்கு சார். அதனால தரையைப் புடிச்சுக்குது," என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே நைனாவின் தோளில் தட்டினார். ஏன் இளகியது என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை, நைனாவும் கேட்கவில்லை.

அதிலிருந்து பந்து பொறுக்குவது எங்கள் வீட்டு வேலையானது. சாயங்காலம் நைனாவும் நானும் சிமென்டுத் தரையில் பரப்பி வைத்துக்கொள்வோம். நகத்தால் அழுத்தினால் பிறை மாதிரித் தடம் பதிய வேண்டும். தரையில் போட்டால் டக்கென்று கேட்கக் கூடாது, தப்பென்று அடங்கிக் கேட்க வேண்டும். கெட்டியானது தூரத்துக்கு, மெத்தென்றது கொடிக்கு. மெத்தென்றதுக்கு நான் ஊறுகாய் என்று பேர் வைத்தேன். அந்தப் பேர் மானேஜர் வரைக்கும் போய், "ஊறுகாய் எத்தனைப்பா இருக்கு?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

ஊறுகாய் என்று ஆனபின் ஊறப்போட வேண்டியதுதானே? புதுப் பந்துகளை வேண்டுமென்றே குட்டையில் போட்டார்கள். முதலில் நைனா புத்திசாலித்தனமாக ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரை மொண்டு அதில் போட்டுப் பார்த்தார். பந்து கல்லாகவே இருந்தது. மேல் தண்ணீருக்கு அந்தச் சக்தி இல்லை, அடிச்சேற்றில் கிடந்தால்தான் இளகும் என்று தெரிந்தது. பிறகு பந்துகளை நைலான் பையில் கட்டி, கயிற்றோடு இறக்கி, கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டினார். சில நாள் கழித்து இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. அதன் நுனி நார் நாராகப் பிரிந்து பிசுபிசுவென்று இருந்தது. நைனா அதை மோந்து பார்த்துவிட்டு வேலியோரம் வீசினார்.

"கவுத்த நம்பறதுக்கு இல்ல. உன் காலுதாம்மே கரீட்டு," என்றார் அம்மாவிடம்.

எத்தனையோ வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை நான் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. அம்மா மேல் உயிரையே வைத்திருந்தவர். அந்த வாக்கியத்தைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார், அம்மாவும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

பங்குனியில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரப்போவதாகச் சேதி வந்தது. பெரிய ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள். முதலாளியோடு ஆடுவார்கள். "அன்னிக்கு நம்ம ஆளு தலை நிமிர்ந்து நின்னா, உன் பெர்மனென்ட்டும் குவார்ட்டர்ஸும் என் பொறுப்பு," என்று மானேஜர் நைனாவிடம் சொல்லியிருந்தார். குவார்ட்டர்ஸ் என்றால் ஓட்டு வீடு, உள்ளேயே குழாய். அம்மாவுக்கு அந்தக் குழாய் மேல் கண். இப்படியாக அவள் வாரத்தில் பல நாள் குட்டையில் இறங்கினாள்.

முதலில் கறுத்தது மெட்டி. வெள்ளி மெட்டி இரண்டும் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டன. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெளுத்தது. மறுநாள் குட்டையிலிருந்து வந்தபோது மறுபடி கறுப்பு. "மட்டமான வெள்ளிய குட்த்து ஏமாத்திட்டான் உங்க ஊரு ஆசாரி," என்று நைனாவிடம் சண்டை போட்டாள். பிறகு குழம்பில் உப்புக் கூடியது. நைனா தட்டைத் தள்ளி வைத்தார். அவள் ருசி பார்த்துவிட்டு, "எனக்குச் சப்புனுதானே கீது," என்றாள். நாங்கள் சிரித்தோம். ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது ஒரு கால் செருப்போடு வந்தாள். இன்னொன்று வழியில் கழன்று போனது அவளுக்குத் தெரியவில்லை. அதற்கும் சிரித்தோம். ராத்திரி என் உள்ளங்காலை வருடும்போது அவள் விரல் சொரசொரவென்று கீறியது. வலிக்குதும்மா என்றேன். "மெதுவாத்தானேடி தடவறேன்," என்றாள். அவள் அழுத்துவது அவளுக்கே தெரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஏரியில் மீன் பிடிக்கிறவர். எப்போதாவது பொன்னேரி வந்து ரயில் பிடித்து, இலையில் சுற்றின இறாலோடு வருவார். அந்தத் தடவை வந்தவர் வாசலிலேயே நின்றார். வெளிச்சுவரில் அம்மாவின் பறி காய்ந்துகொண்டிருந்தது. ஓலை வெளுத்து, விளிம்பில் அவள் பல் பதிந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி பிய்ந்திருந்தது. மாமா எடுத்து மோந்தார்.

"இன்னாக்கா இது? எத்த அள்ளிக்கினு வந்த இதுல?"

அம்மா சிரித்துக்கொண்டே கோல்ஃப் பந்துக் கதையைச் சொன்னாள். மாமா சிரிக்கவில்லை. "இத்த வாயில கட்ச்சிக்கினா எறங்குற?" என்றார். குனிந்து அவள் காலைப் பார்த்தார். விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. சுண்டுவிரலைப் பிடித்துக் கிள்ளினார். அம்மா என்னிடம், "மாமாவுக்கு மோர் கொண்டாடி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா இன்னும் அழுத்திக் கிள்ளுவதை நான் பார்த்தேன். அம்மா என்னிடம் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

நைனா வந்ததும் சண்டை வந்தது.

"மச்சான், மீன் இல்லாத தண்ணியில மனுசிய எறக்குறியே, உனுக்கு மூள கீதா?"

"அட போப்பா. அவ்ளோ பெரிய முதலாளி, வெளிநாட்டுக்காரன்லாம் கையில புட்ச்சி ஆடப்போற பந்து. விசம்னா அவுங்க தொடுவாங்களா?"

"தொடறாங்களா? நீ பாத்தியா?"

நைனா தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். முதலாளி ஆடும்போது கையில் உறை போட்டிருப்பார். "அது ஆட்டத்துக்குப் போடறது. அதுவும் ஒரு கையிலதான்," என்றார். "இன்னும் பத்து நாளுப்பா. ஊடு கெட்ச்சிரும். அப்பால அவ அந்தப் பக்கமே போவ வாணாம். சொம்மா பேஜார் பண்ணாத."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மோரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "கொழா உள்ளியே கீதாம்டா," என்றாள். மாமா மோரைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். போகும்போது பறியை எடுத்துக்கொண்டு போனார், வழியில் எங்கேயோ எறிந்திருக்கிறார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அம்மா பிளாஸ்டிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கெஸ்ட் ஹவுஸில் வண்ணக் காகிதம், மர நிழலில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். விருந்தாளிகளுக்காகப் புல்தரையிலேயே கரி அடுப்பு வைத்துக் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் புதுப்புடவை கொடுத்து, ஜூஸ் டம்ளர் தட்டைக் கையில் கொடுத்திருந்தார் மானேஜர். வீட்டுப் பெண் மாதிரி இருக்கட்டும், செருப்பு வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தார். நான் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் கொடி. வெளிநாட்டுக்காரர் போட்ட பந்து கொடியைத் தாண்டி ஓடிச் சரிவில் போய்விட்டது. முதலாளி நைனாவைத் திரும்பிப் பார்த்தார். நைனா பையில் கை விட்டு, அழுத்திப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் தேர்ந்தெடுத்து வைத்த பந்து. முதலாளி தூக்கிப் போட்டார். கொடிக்குப் பக்கத்தில் தப்பென்று விழுந்து, சொன்ன பேச்சைக் கேட்டது மாதிரி அப்படியே நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன்.

கைதட்டல் அடங்கும்போது ஒரு நாற்றம் வந்தது. கறி கருகுகிற நாற்றம். சமையல்காரர் அடுப்பைப் பார்த்தார், கறியை அப்போதே இறக்கிவிட்டிருந்தார். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் டம்ளர் தட்டோடு நின்றுகொண்டு மூக்கைச் சுளித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இன்னாவோ கருவுது பாரு," என்றாள்.

அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த கங்கு ஒன்றின் மேல் அவள் வலது கால் முழுசாக ஊன்றி இருந்தது. பாதத்தின் ஓரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். அவள் நான் எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்து, என்னைத் தூக்க அந்தக் காலாலேயே என்னை நோக்கி ஓடி வந்தாள். தட்டில் ஒரு டம்ளர்கூடச் சாயவில்லை.

நைனா மைதானத்தின் குறுக்கே ஓடிவந்தது நினைவிருக்கிறது. தான் இழைத்து இழைத்து வளர்த்த புல்லை மிதித்துக்கொண்டு, கொடியைத் தட்டிவிட்டு ஓடிவந்தார். அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விருந்தாளிகள் உள்ளே போய்விட்டார்கள். அம்மா, "எனக்கு வலிக்கவே இல்லியே, நீ ஏன் அழுவுற? எல்லாரும் பாக்கறாங்கோ," என்று அவரைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

கம்பெனி டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். அம்மா அன்றிலிருந்து டீயில் சர்க்கரையை விட்டாள், அரிசியைக் குறைத்தாள், இளைத்தாள். காலில் உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. ஆர்டர் கிடைத்தது. மானேஜர் வாக்குத் தவறவில்லை, குவார்ட்டர்ஸும் வந்தது, உள்ளேயே குழாயும் இருந்தது. நைனா தினமும் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சூடாக்கி, முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்து, பிறகு அம்மாவின் காலை அதில் வைத்துக் கழுவுவார். சூடு அவளுக்குத் தெரியாதே. அவர் உயிரோடு இருந்தவரை அந்த வேலையை என்னிடம் விடவில்லை. பந்தைப் பற்றிப் பேசினதும் இல்லை. மிச்சமிருந்த ஊறுகாய்ப் பந்துகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் குட்டையை மண் போட்டு மூடிவிட்டார்கள், அதன் மேல் லாரி நிற்கிறது.

புண் ஆறினபின் மாமா வந்து எங்களை ஏரிக்குக் கூட்டிப்போனார். உப்புத் தண்ணீர் பட்டால் உணர்ச்சி வரும் என்று குப்பத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். புதுப் பறி ஒன்று முடைந்து வைத்திருந்தார். விடிகாலை. அம்மா குளிக்கப் போகிற சின்னப் பெண் மாதிரி அவசரப்பட்டாள். புடவையைச் செருகிக்கொண்டு, பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். நான் கரையோரம் நின்ற மாமாவின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் மற்றப் பெண்கள் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார்கள், பறிக்குள் இறால் துள்ளுகிற சத்தம் கேட்டது. அம்மா இடுப்பளவு தண்ணீர் வரை போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மாமா தண்ணீரில் நடந்து அவளிடம் போனார்.

அவள் வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"தரை எங்கடா கீது?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான் நின்னுக்கினுதானே கீறன்?"

"நின்னுக்கினுதான் கீற அக்கா," என்றார் மாமா. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே நின்றார். வெயில் ஏறிய பிறகுதான் இருவரும் கரைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா ரொம்ப வருஷம் இருந்தாள். கால் எங்கே படுகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவளால் நடக்க முடியும். அதனால் எங்கே போனாலும் குனிந்து தரையைப் பார்த்தே நடந்தாள். யார் எதிரே வந்தாலும் நிமிர மாட்டாள், நிமிர்ந்தால் விழுந்துவிடுவாள். விவரம் தெரியாத ஊர் அவளை மெச்சியது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்த தலையோடு உள்ளே போன அம்மாவைப் பார்த்துவிட்டு, என் மாமியார் தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்களாம், பொண்ணைப் பார்க்கவே வேண்டாம், அம்மாவின் அடக்கம் ஒன்றே போதும் என்று.